புரோட்டீன் டப்பாவும் ரீல்ஸ் போலீஸும்

புரோட்டீன் பவுடர் விற்கிற தொழிலுக்கு உடம்பு வேண்டாம், பொறுமை வேண்டும். என்னிடம் உடம்பு நிறையவே இருக்கிறது, பொறுமைதான் ஸ்டாக் இல்லை.

காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்புகிற இடத்தில், ஒரு ஜூஸ் கடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே ‘சுமதி நியூட்ரிஷன்’ என்று நீல நிறத்தில் ஒரு போர்டு தெரியும். அந்தச் சுமதி நான்தான். பல வருஷம் இன்னொருத்தர் மெடிக்கல் ஷாப்பில் நின்று, அவர் பேரில் பில் போட்டு, அவருக்கு வர வேண்டிய திட்டையெல்லாம் நான் வாங்கிக்கொண்டு, கடைசியில் ‘இனிமேல் திட்டு வாங்கினாலும் என் பேரிலேயே வாங்கிக்கொள்கிறேன்’ என்று திறந்த கடை. என்னோடு இருப்பது இம்தியாஸ் பாய் ஒருவர்தான். முன்பு ஜிம்மில் ட்ரெய்னராக இருந்தவர். முட்டி தேய்ந்ததும் என் கடைக்கு வந்துவிட்டார். நான் கத்துகிற நேரத்தில் அவர் டப்பாக்களைத் துடைப்பார். அதனால் என் கடையில் டப்பாக்கள் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

செருப்போ, சிம் கார்டோ, ஸ்வீட்டோ, எதை விற்றாலும் சரி, கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைப்பவர்கள் இதைப் படித்தால் ‘ஆமாம்மா, ஆமாம்’ என்பீர்கள். வெளிப்பக்கம் நிற்பவர்கள் படித்தால் கோபம் வரும். வரட்டும், எனக்கென்ன.

அண்ணா எப்போ வருவாரு?

என் கடைக்குள் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் என் தலைக்கு மேலே பார்ப்பார்கள். பிறகு எனக்குப் பின்னால் பார்ப்பார்கள். ஸ்டோர் ரூம் கதவு திறந்து, கை இரண்டையும் உடம்போடு ஒட்ட முடியாத ஒரு ஆள் வெளியே வருவான் என்று ஒரு நம்பிக்கை. வரவில்லை என்றதும், ‘அண்ணா இல்லையா?’ என்பார்கள். எந்த அண்ணா, யாருக்கு அண்ணா என்று நான் திருப்பிக் கேட்ட காலமெல்லாம் உண்டு. இப்போது கேட்பதில்லை, தொண்டைத் தண்ணி வீண்.

ஒரு நாள் பீரோ மாதிரி நெஞ்சோடு ஒருவன் வந்தான். ஓனர் நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘நீங்க இதெல்லாம் சாப்பிடறீங்களா?’ என்றான். ‘புடவைக் கடையிலே எடுத்துப் போடறவரு புடவை கட்டிக்கிட்டா நிக்கறாரு?’ என்றேன். இம்தியாஸ் பாய் திரும்பி நின்று டப்பா துடைக்க ஆரம்பித்துவிட்டார், சிரிப்பை மறைக்க. அவனுக்கு அது உறைக்கவே இல்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு, கிட்னியில் கோளாறு இருப்பவர் ஏன் தொடக்கூடாது என்று நான் மெனக்கெட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்து யாருக்கோ வீடியோ கால் போட்டான். அலமாரியை மேலிருந்து கீழ் வரை காட்டினான். என் முகம் வந்தபோது மட்டும் கேமராவைச் சட்டென்று திருப்பிக்கொண்டு சொன்னான்:

“மச்சா, கடையிலே யாரும் இல்லடா. ஒரு ஆன்ட்டி மட்டும்தான் இருக்காங்க. நீயே பார்த்துச் சொல்லு, எது ஒரிஜினல்னு.”

வெந்நீரும் லைட்டரும்

இந்தத் தொழிலில் போலி உண்டு. இல்லையென்று சொல்ல நான் முட்டாள் இல்லை. காலி டப்பாவை நல்ல விலை கொடுத்து வாங்கிப் போகிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அதில் பால் பவுடர், மாவு, சர்க்கரை, இன்னும் என்னவெல்லாமோ அடைத்து, புது சீல் ஒட்டி, பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். குடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். இதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி யாராவது சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார்களா என்று நானே ஏங்கியிருக்கிறேன். சொல்ல ஒரு ஆள் வந்தான். வந்த ஆள் கோச் விக்கி.

விக்கியை உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் புண்ணியம் செய்தவர். காருக்குள் உட்கார்ந்து, கூலிங் கிளாஸைக் கழற்றாமல், தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் மிக்ஸியில் போட்டு அடித்த மாதிரி ஒரு மொழியில், ‘டூப்ளிகேட் வேட்டை’ என்று தினமும் ரீல் போடுவான். ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு அவன் சொல்வதுதான் வேதவாக்கு. அவன் சொன்ன பரிசோதனையெல்லாம் நடக்கிற இடம் என் கவுண்டர்.

அல்சூரிலிருந்து லோகேஷ் என்று ஒருவர் வருவார். கார் ஷோரூமில் வேலை, நல்ல மனுஷர், ஆனால் விக்கியின் பரம பக்தர். ஒரு நாள் பையில் பிளாஸ்க், கரண்டி, லைட்டர் மூன்றும் கொண்டுவந்தார். டப்பா வாங்கினார், அங்கேயே பிரித்தார், பவுடரை வெந்நீரில் போட்டார். திரிந்து கட்டி கட்டியாக மேலே வந்தது. ‘கட்டி வந்தா மாவுன்னு விக்கி சொல்லியிருக்காரு, இது டூப்ளிகேட், பணத்தைத் திருப்பிக் குடுங்க’ என்றார். அடுத்து கரண்டியில் வைத்துக் கொளுத்தினார். கடை முழுக்கத் தலைமுடி பொசுங்கிய நாற்றம். புரோட்டீன் சூடுபட்டால் முட்டை மாதிரி கட்டிதான் தட்டும், இதெல்லாம் வீட்டில் செய்து கண்டுபிடிக்கிற விஷயமே இல்லை என்று நான் அடித்தொண்டையில் கத்தினேன். இம்தியாஸ் பாய் தன் ஃபோனில் விக்கியின் புது ரீல் ஒன்றைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே காட்டினார். அதில் அதே விக்கி, அதே கார், அதே கூலிங் கிளாஸ், ‘கட்டி வந்தாதான் மச்சா அசல்’ என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். லோகேஷ் இரண்டு தடவை பார்த்தார். பிளாஸ்க்கை மூடினார். முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை.

“சாரி அக்கா. நான் பழைய ரீலைப் பார்த்துட்டு வந்துட்டேன். அப்டேட் ஆனது தெரியலை.”

பச்சை டிக்

நான் டீலராக இருக்கிற கம்பெனியின் டப்பாவில் மூடிக்கு அடியில் ஒரு வெள்ளி நிறப் பட்டை இருக்கும். லாட்டரிச் சீட்டு மாதிரி சுரண்டினால் ஒரு நம்பர் தெரியும். ஒரு டப்பாவுக்கு ஒரு நம்பர். அதைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் பச்சை டிக் வரும். யாராவது ஏற்கெனவே அந்த நம்பரைப் போட்டுப் பார்த்திருந்தால், டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் ‘இந்த நம்பர் முன்பே பலமுறை சரிபார்க்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் உஷாராக வேண்டும், ஏனென்றால் யாரோ ஒரே நம்பரைப் பல டப்பாவில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பெனிக்காரனுக்கும் ஒரு கொட்டு வைக்க வேண்டும். எச்சரிக்கையைக் கொசு சைஸில் போட்டுவிட்டு டிக்கை மட்டும் தோசை சைஸில் போட்டிருக்கிறான்.

பேங்கில் வேலை செய்கிற ஒருவர், படித்தவர், நெற்றியில் விபூதி, கழுத்தில் ஐடி கார்டு. ஃபோனில் விளம்பரம் பார்த்துப் பாதி விலைக்கு வாங்கிய டப்பாவைக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்தார். வாங்க வரவில்லை, வெறுமனே என் மூக்கை உடைக்க வந்திருக்கிறார். ‘இதே சாமான் உங்க கடையிலே ஏன் டபுள் ரேட்?’ என்றார். நான் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார். பச்சை டிக் வந்தது. கீழே அந்தப் பொடி வரியும் வந்தது. ‘சார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கீழே படிங்க’ என்றேன். பொறுமையாக, வாய்விட்டு, கடைசி வரை படித்தார். படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இத்தனை பேர் செக் பண்ணியிருக்காங்கன்னா நல்லா ஓடுற சரக்குன்னுதானே மேடம் அர்த்தம்?”

போர்டு முழுசா வரணும்

வியாபாரிகளே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் இருக்கும். கடையில் வந்து பார்ப்பார்கள், தொடுவார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், நம்மிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்பார்கள். பிறகு வாசலில் நின்றே ஃபோனில் வேறு யாரிடமோ ஆர்டர் போடுவார்கள். துணிக்கடைக்காரர்கள் இதைச் சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன். என் தொழிலில் அதற்கு மேலே ஒரு படி உண்டு. டப்பாவோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெரிய டப்பாவை நெஞ்சோடு அணைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு கிளிக். அதை ஸ்டோரியில் போட்டால்தான் ஜிம்மில் மரியாதை. டப்பா திரும்ப அலமாரிக்குப் போய்விடும்.

ஜீவனஹள்ளியிலிருந்து தினேஷ் என்று ஒரு பையன் அப்படித்தான் வந்தான். குரியர் ஆபீஸில் வேலை, கல்யாண வயசு. பெரிய டப்பாவை எடுத்தான், விலையைக் கேட்டான், உதட்டைப் பிதுக்கினான், ‘ஒரு போட்டோ மட்டும் அக்கா’ என்றான். சரி, ஒழியட்டும் என்று விட்டேன். வாசலுக்குப் போய் டப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தான். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நான் டப்பாவைத் திரும்ப வாங்க நின்றிருந்தேன். அவன் ஃபோனை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அக்கா, கொஞ்சம் நகருங்க. பின்னாடி உங்க போர்டு முழுசா வரணும்.”

காருக்குள் ஒரு கோர்ட்

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போதே இம்தியாஸ் பாய் ஃபோனை நீட்டினார். விக்கியின் ரீல். கையில் ஒரு டப்பா, எங்கள் பிராண்டுதான். ‘நம்ம ஃபாலோயர் தம்பி ஒருத்தன் இதைக் குடிச்சிட்டு வயிறு கெட்டு ரெண்டு நாள் டிரிப்ஸ்ல கிடந்தான். இதை வித்த கடை எது தெரியுமா மச்சா?’ என்று கேட்டுவிட்டு, ஒரு போட்டோவைப் போட்டான். தோளில் டப்பாவோடு தினேஷ். அவன் தலைக்கு மேலே, முழுசாக, என் போர்டு. பிறகு விக்கி டப்பாவின் நம்பரைக் கேமராவுக்குக் கிட்டே காட்டி, ‘இதைப் போட்டா கிரீன் வேற வருது, அவ்வளோ தில்லு இவங்களுக்கு’ என்றான். கடைசியில் சிவப்பு எழுத்தில் ‘சுமதி டூப்ளிகேட்’ என்று குறுக்கே விழுந்தது.

அந்த ஆள் என் கடைப் படியை மிதித்ததே கிடையாது. ஒரு ஃபோன் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. நான் மெசேஜ் போட்டேன், பில் புத்தகம் முழுக்கப் பாருங்கள், அந்தப் பையன் என்னிடம் எதுவும் வாங்கவே இல்லை என்று. படித்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. மத்தியானத்துக்குள் கம்பெனியின் ஏரியா மேனேஜர் பிரசாத் சார் ஃபோன் செய்தார். டீலர்ஷிப் ஹோல்டு, புது சரக்கு வராது, கம்பெனி வெப்சைட்டில் டீலர் பட்டியலிலிருந்து என் பேரை எடுத்தாயிற்று. அந்தப் பிராண்டு போனால் என் கடையில் மிஞ்சுவது ஷேக்கர் பாட்டிலும் கையுறையும்தான். ‘எடுத்துப் பாருங்க சார், என் சரக்கு பூரா உங்க குடோன்லேர்ந்து வந்தது’ என்றேன். ‘எனக்குத் தெரியும் மேடம், ஆனா ஜனங்களுக்குத் தெரியாதே. போர்டை மாத்திடுங்க. வேற பேரு வையுங்க, புதுசா ஆரம்பிங்க’ என்றார். என் பேரில் ஒரு போர்டு மாட்ட எனக்கு இத்தனை வருஷம் ஆனது. காருக்குள் உட்கார்ந்த ஒருத்தன் வாயைத் திறந்ததும் அதைக் கழற்ற வேண்டுமாம். அன்றைக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது.

வாசலில் கூட்டம் கூடியது, வாங்க இல்லை, வேடிக்கை பார்க்க. போர்டைப் பார்த்து விரல் நீட்டினார்கள், படம் எடுத்தார்கள், ஒருத்தன் தன் ஃபோனில் நேரலையே போட்டான். உள்ளே மட்டும் ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் பக்கத்து ஜூஸ் கடைக்காரர், பாவம், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். எனக்கென்று ஒரு மோசம்பி ஜூஸ் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“டென்ஷன் ஆகாதீங்க மேடம். பார்க்க வர்றவங்க எல்லாம் தாகமாத்தான் வர்றாங்க. நமக்கு நல்ல வியாபாரம், இன்னும் ஒரு வாரம் இப்படியே ஓடட்டும்.”

கமென்ட்டில் வந்த ஜனங்கள்

லோகேஷ் வந்தார். நியாயமாக, இவர் ஒரு முறை முறைத்துவிட்டு பக்தர் கூட்டத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் முகமே சரியில்லாமல் வந்து, கவுண்டரில் ஃபோனை வைத்து, அந்த ரீலில் நம்பர் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். ‘அக்கா, இந்த நம்பர் எனக்கு மனப்பாடம்’ என்றார். ஏன் என்றேன். விக்கி முன்பு போட்ட இன்னொரு ரீல், ‘அசல் டப்பாவைக் கண்டுபிடிப்பது எப்படி’. அதில் விக்கி தன் சொந்த டப்பாவின் வெள்ளிப் பட்டையைச் சுரண்டி, நம்பரைத் திரை முழுக்க, நன்றாக ஃபோகஸ் பண்ணிக் காட்டியிருந்தான். லோகேஷ் மாதிரி பக்தர்கள் அதைப் பார்த்துப் பார்த்து அதே நம்பரை அடித்துப் பச்சை டிக் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். போலி அடிக்கிறவனும் அதே ரீலைத்தான் பார்த்திருக்கிறான். அவனுக்கு ஒரு நல்ல நம்பர் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிட்டது. எடுத்து எல்லா டப்பாவிலும் அடித்துவிட்டான்.

வீட்டுச் சாவியை ஊர்வலமாகக் காட்டிவிட்டு, பிறகு திருடன் வந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி தலையில் பழியைப் போட்ட கதை இது. லோகேஷ் இரண்டு ரீலிலிருந்தும் படத்தை எடுத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி, விக்கியின் ரீலுக்குக் கீழேயே கமென்ட்டில் போட்டார். முதலில் வசவுதான் வந்தது. ‘கடைக்காரி குடுத்த காசு எவ்வளோ?’ என்றான் ஒருத்தன். பிறகு ஹெப்பகோடியிலிருந்து ஒரு ஃபேக்டரித் தொழிலாளி, தன் டப்பாவைப் படம் எடுத்துப் போட்டு, ‘என்கிட்டயும் இதே நம்பர்தான் இருக்கு’ என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் ரூமில் இருப்பவரும் போட்டார், அதே நம்பர். அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். எந்த ஊரோ, எந்த ஜிம்மோ, ஒரே நம்பர். வாங்கிய இடம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஒரே விளம்பரப் பக்கத்தைக் காட்டினார்கள். மறுநாள் அந்தப் பக்கம் மாயம். இம்தியாஸ் பாய் சொன்னார், ‘வேற பேர்ல வரும் மேடம், ஆனா இந்த ஜனங்க இனிமே அங்கே வாங்க மாட்டாங்க’ என்று. அது நிஜம்தான். ஒத்துக்கொள்ள எனக்குக் கசக்கிறது, ஆனாலும் நிஜம். என் கத்தலால் ஆகாத காரியம் அந்தக் கமென்ட்டில் ஆனது.

விக்கி என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? நம்பர் காட்டிய பழைய ரீலைச் சத்தமில்லாமல் அழித்தான். என்னைத் திட்டிய ரீல் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் அதை வைத்துக்கொண்டான். மூன்றாவதாக ஒரு ரீல் போட்டான், ‘பெரிய டூப்ளிகேட் கும்பல் நம்ம கையிலே மாட்டியது’ என்று. அதில் என் பேர் இல்லை, லோகேஷ் பேரும் இல்லை. ‘பார்த்தீங்களா உங்க ஆளோட லட்சணத்தை’ என்று லோகேஷிடம் கேட்டேன். அவருக்கு என் மேல் வருத்தம்.

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா. அவரு அன்னைக்கு நம்பரைக் காட்டலேன்னா நாம இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சிருப்போம்?”

மானம்

தினேஷ் ஒரு வாரம் கழித்து வந்தான். முகம் வற்றி, தோள் குறுகி, தோளில் டப்பா வைத்த அந்த ஆளா இவன் என்று இருந்தது. திட்ட வேண்டும் என்று நிறைய சேர்த்து வைத்திருந்தேன். பார்த்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர்தான் கொடுத்தேன். ‘ஏம்ப்பா, என் கடையிலே வாங்கினேன்னு ஏன் சொன்னே?’ என்றேன். ‘நான் சொல்லவே இல்லக்கா. எங்கே வாங்கினேன்னு விக்கி கேட்டாரு. ஸ்டோரியைப் பாருங்கன்னேன். அவ்வளோதான்’ என்றான்.

ரீல் வந்த பிறகாவது அது விளம்பரத்தில் வாங்கியது என்று வாயைத் திறந்திருக்கலாமே, என் பிழைப்பே போக இருந்ததே என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் வந்த பதிலைக் கேளுங்கள்:

“போட்டோவிலே ஒரிஜினல், வயித்துலே டூப்ளிகேட்டுன்னு ஜிம்ல தெரிஞ்சா என் மானம் என்னாகும்க்கா?”

இலவச போர்டு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோல்டு போய்விட்டது, சரக்கு வருகிறது, நீல போர்டு அதே இடத்தில் என் பேரோடுதான் இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

பிரசாத் சார் மறுபடி ஃபோன் செய்தபோது குரலில் தேன் சொட்டியது. ‘மேடம், எல்லாம் கிளியர். உங்க மேலே தப்பே இல்லேன்னு ஹெட் ஆபீஸே சொல்லிடுச்சு’ என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆனால் அவர் நிறுத்தவில்லை. போலி ஒழிப்புக்குக் கம்பெனி ஒரு பெரிய பிரசாரம் செய்யப் போகிறதாம். அதற்கு முகம் யார் தெரியுமா? கோச் விக்கி. டீலர் கடைகள் எல்லாவற்றுக்கும் இலவசமாகப் புது போர்டு. நடுவில் கையைக் கட்டிக்கொண்டு விக்கி, ‘இங்கே அசல் மட்டும்’ என்று பெரிய எழுத்து, கடைப் பேர் மூலையில் சின்னதாக. ‘உங்க விஷயத்திலே பேரே வேண்டாம் மேடம், அந்த ரீல் இன்னும் ஓடுது பாருங்க. போர்டு மாறினதும் ஹோல்டை எடுத்துடறேன்’ என்றார்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். ‘சார், என் பேரைக் கெடுத்தவன் படத்தை என் பேர் இருந்த இடத்திலேயே மாட்டணுமா? உங்களுக்கே இது அசிங்கமாத் தெரியலையா?’ என்றேன். அவர் அசரவே இல்லை. ‘நடைமுறையைப் பாருங்க மேடம். விக்கி சார் முகத்தைப் பார்த்தா கஸ்டமருக்கு நம்பிக்கை வருது. சுமதின்னு பார்த்தா என்ன வருது? அந்தப் பேராலே கஸ்டமருக்கு என்ன உபயோகம், நீங்களே சொல்லுங்க’ என்றார். நிஜமாகவே எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாள் அது எனக்காகத்தான் அங்கே தொங்குகிறது என்று நினைத்திருந்தேன். கஸ்டமருக்கு அதில் என்ன இருக்கிறது?

இம்தியாஸ் பாய் துணியைக் கீழே வைத்தார். கம்பெனி ஃபோனில் அவர் பேசியதே கிடையாது. ‘நக்கோ மேடம், வேண்டாம், நீங்க இருங்க’ என்று என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் கோபமில்லாமல், ஸ்டாக் கேட்கிற அதே குரலில் சொன்னார்:

“சார், பவுடர் சரியில்லேன்னா கஸ்டமருக்குச் சண்டை போட ஒரு ஆளு வேணும். விக்கி சார்கிட்டே போடணும்னா கமென்ட்லதான் போடணும், அவரு அழிச்சிடுவாரு. மேடம்கிட்டே போடணும்னா போர்டைப் பார்த்து நேரா உள்ளே வந்துடலாம், அவங்க எங்கேயும் போக மாட்டாங்க. பேரு அதுக்குத்தான் சார் அங்கே இருக்கு.”

ஆகையால் சொல்கிறேன், எது அசல் எது போலி என்று கண்டுபிடிக்க ரீலில் கணக்கில்லாத வழி இருக்கிறது, விற்றவர் யார் என்று கேட்டுப் பார்க்க மட்டும் இன்னும் ஒருத்தரும் ரீல் போட்டபாடில்லை.